பேர் சொல்லக் கூடாத அம்மனுக்கு ஒரு சைக்கிள் பயணம்

என் மனைவி சைக்கிள் வாங்கியதே என்னை விட்டுப் போவதற்காகத்தான் என்று நான் மனதார நம்பினேன். பஸ் ஓடுகிற ஊரில், கூப்பிட்டால் ஆட்டோ வாசலுக்கே வந்து நிற்கிற திருநகரில், புருஷனை விட்டுப் போகிறவள் எதற்காகப் பழைய சைக்கிள் ஒன்றைத் தேடிப் பிடித்து, பெல் மாற்றி, சீட்டுக்கு உறை போட்டு, அதில் ஏறிப் போக வேண்டும் என்று ஒரு கணம்கூட எனக்குத் தோன்றவில்லை. பதற்றம் வந்துவிட்டால் எனக்கு மூளை வேலை செய்யாது. வாய் மட்டும்தான் வேலை செய்யும். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும்.

ஆதாரம் இல்லாமல் நான் பயப்படவில்லை. விடிந்ததும் விடியாததுமாக அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றினாள். கொல்லைப்புறம் துவைக்கிற கல்லருகே நின்று யாருடனோ போனில் பேசினாள். ஒருநாள் நான் இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோன நேரம் அவள் குரல் ஜன்னல் வழியாக வந்தது. "ஞாயித்துக்கிழமை காலைல கெளம்புறோம். சர்டிபிகேட்ட மட்டும் மறந்துறக் கூடாது. அதெல்லாம் இல்ல, திரும்பி வர்ற பேச்சே கிடையாது."

இட்லி அப்படியே நின்றது.

நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். யாருக்குப் பிரிவு உபசார விழா நடந்தாலும் மைக் என் கைக்குத்தான் வரும். போகிறவரைப் பற்றி நாலு வேடிக்கை சொல்லி, அழ ஆரம்பித்தவர்களைச் சிரிக்க வைப்பது என் தொழில் மாதிரி. அன்று என் வீட்டிலேயே பிரிவு உபசாரம் என்று தெரிந்ததும் ஒரு வேடிக்கையும் வரவில்லை. அதற்குப் பதிலாகத் திருந்தினேன். சாப்பிட்ட தட்டைக் கழுவினேன். கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடித்தேன். அவளுக்குக் காபி போட்டுக் கொண்டுபோய் நீட்டினேன். அவள் என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"என்னங்க, ஒடம்புக்கு என்ன?"

அதற்கு மேல் தாங்கவில்லை. அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது எதிரில் போய் நின்று, "இங்க பாரு, நான் என்ன தப்புப் பண்ணியிருந்தாலும் பேசித் தீத்துக்கிருவோம். ஒன் தம்பி கல்யாணத்துல மைக்கப் புடிச்சு ஒங்க அப்பாவக் கிண்டல் பண்ணுனதுக்கா? அதுக்குத்தான் அப்பவே மன்னிப்புக் கேட்டுட்டேன்ல?" என்றேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "யாரு எங்க போறா?"

"நீதான். ஞாயித்துக்கிழமை. சர்டிபிகேட்டோட."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நின்று சிரித்து, முடியாமல் அடுப்படித் தரையில் உட்கார்ந்து சிரித்து, கண்ணைத் துடைத்து, வெங்காயக் கை கண்ணில் பட்டு, அதற்கு வேறு அழுதாள். பிறகு எழுந்து வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்தாள். முகம் மாறியிருந்தது.

"போறது நான் இல்ல. மேல இருக்கிறவ" என்றாள்.

எங்கள் மாடியில் ஒரு கணவனும் மனைவியும் வாடகைக்கு இருந்தார்கள். அவன் தெருமுனையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். கடை ஸ்டூலில் உட்கார்ந்தால் எங்கள் கேட் நேராகத் தெரியும். அவள் பி.காம். படித்தவள். காய்கறி வாங்கக்கூடத் தனியாகப் போய் நான் பார்த்ததில்லை. சில சாயங்காலங்களில் மாடியில் திடீரென்று டிவி சத்தம் கூடும். அப்படிக் கூடும்போதெல்லாம் என் மனைவி ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு படியேறிப் போய், உறைமோர் இருக்கிறதா என்று கேட்டு நிற்பாள். எங்கள் வீட்டில் மோருக்கு ஒரு நாளும் பஞ்சம் வந்ததில்லை. எதற்கு இவள் சும்மா சும்மா மோர் கேட்டுப் போகிறாள் என்று நான் அதையும் வைத்து ஒரு வேடிக்கை சொல்லிக்கொண்டிருந்தேன். கதவு தட்டப்பட்டால் டிவி சத்தம் குறையும், அடியும் நிற்கும் என்பதற்காகத்தான் போனாள் என்று அன்றைக்குத்தான் சொன்னாள்.

பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் இருக்கிறார். பெண்கள் வீட்டுக்குள் அடிபடுவதற்கு எதிராக ஒரு சைக்கிள் பயணம் நடத்துகிறார். திருநகரில் கிளம்பி, பழங்காநத்தம், ஆரப்பாளையம் வழியாக ஆற்றைத் தாண்டி, சமயநல்லூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் முடிகிற பயணம். வழியெல்லாம் உண்டியல் குலுக்கி வசூல். வீட்டை விட்டு வெளியேறும் பெண்கள் தங்குவதற்கும், அவர்களுக்கு வக்கீல் வைப்பதற்கும் நகரில் ஓர் இல்லம் இருக்கிறது. பணம் அதற்குப் போகும்.

"அவ கூடப் பொறந்த அக்கா சமயநல்லூர்ல ஆட்டோவோட நிப்பா. தனியா கேட்டத் தாண்டுனா அவன் பின்னாடியே வருவான். கூட்டத்தோட கூட்டமாப் போனா சந்தேகப்பட மாட்டான். அன்னைக்குப் போறவ திரும்பி இந்த வீட்டுக்கு வரமாட்டா."

"நான் என்ன செய்யணும்?"

"நீங்க ஒண்ணே ஒண்ணு செஞ்சாப் போதும். வாயத் தொறக்காம இருக்கணும்."

மழையைப் பார்த்து நனைக்காதே என்று சொன்ன மாதிரிதான். அதிலும் சிக்கல் என்னவென்றால், மாடி வீட்டுக்காரன்தான் இந்தத் தெருவிலேயே என் வேடிக்கைகளுக்கு முதல் ரசிகன். நான் பாதி சொல்லும்போதே தொடையில் தட்டிச் சிரிப்பான். காலையில் டீக்கடையில் என்னைப் பார்த்தால், "அண்ணே, இன்னைக்கி என்ன ஸ்பெசல்?" என்று கேட்பான். நெற்றியில் விபூதி, சுத்தமான சட்டை, மரியாதையான பேச்சு. வருஷா வருஷம் பழனிக்கு நடந்து போகிறவன். மனைவியை அடிக்கிறவனுக்கு ஒரு தோற்றம் இருக்கும், பெரிய மீசை, சிவந்த கண், அழுக்கு லுங்கி என்று எதையோ நினைத்து வைத்திருந்தேன். ஐம்பதை நெருங்குகிற வயதிலும்.

மறுநாளே சோதனை வந்தது. பயணத்துக்குப் பெயர் கொடுத்தவர்களுக்கெல்லாம் அடையாளமாக மணிக்கட்டில் ஒரு மஞ்சள் துணிப்பட்டை கட்டிவிட்டுப் போயிருந்தார் தலைமையாசிரியை. என் மனைவி பேச்சுத் துணைக்கு என் பெயரையும் கொடுத்திருந்ததால் என் கையிலும் ஒன்று. சாயங்காலம் கடையைத் தாண்டும்போது அவன் கூப்பிட்டான்.

"அண்ணே, ஒரு நிமிசம். இவ கையில என்னமோ மஞ்சத் துணி கட்டியிருக்கா. கேட்டா கீழ் வீட்டு அக்காவக் கேளுங்கங்கிறா. ஒங்க கையிலயும் இருக்கே?"

மூளை கடையைச் சாத்திவிட்டது. வாய் திறந்தது.

"காப்பு, மாப்ள" என்றேன்.

"காப்பா? எந்தக் கோயிலுக்குண்ணே?"

"சமயநல்லூர்ப் பக்கம். வயக்காட்டுல இருக்கா, அம்மன்."

"பேரு?"

"பேர் சொல்லக் கூடாது. வேண்டுதல் முடியிற வரைக்கும் வாயில வரக் கூடாது."

அவன் சட்டென்று ஸ்டூலை விட்டு எழுந்து நின்றான். பழனிக்கு நடப்பவன் அல்லவா, இந்த விஷயத்தில் அவனுக்கு என்னைவிட அதிகம் தெரியும். அதுதான் பயமாக இருந்தது.

"நடந்துதான போறீக?"

"இந்த அம்மனுக்கு சைக்கிள்."

"சைக்கிளா?"

"சக்கரம் சுத்துறதுதான் மாப்ள அவளுக்குக் காணிக்கை."

"அதுவும் சரிதான்" என்று அவன் யோசித்துத் தலையாட்டினான். "வெரதம் எப்பிடிண்ணே?"

"கறி, மீனு, முட்டை கூடாது. வீட்ல சத்தம் கூடாது. காப்புக் கட்டுன பொம்பளைய ஒரு வார்த்த வையக் கூடாது." இங்கே நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "மேல கை படக் கூடாது."

"பட்டா?"

"கை வெளங்காமப் போயிரும்."

அவன் தன் வலது கையைத் திருப்பி ஒரு தடவை பார்த்துக்கொண்டான். மணி பார்க்கிற மாதிரிதான் பார்த்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். திட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். "சரி" என்றாள் அவள். "அப்ப நம்ம வீட்லயும் இனிமே மீன் கெடையாது." அன்றைக்கு மதியம்தான் அயிரை மீன் வாங்கி மண்சட்டியில் குழம்பு வைத்திருந்தாள். அந்தச் சட்டி மூடியோடு அப்படியே பக்கத்து வீட்டுக்குப் போனதை வாசலில் நின்று பார்த்தேன். என் வாய் எனக்குச் செய்த துரோகங்களில் இதுதான் பெரியது.

அந்த வாரம் மாடியில் டிவி சத்தம் கூடவே இல்லை. நியாயமாக எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ அந்த அமைதி காதைக் குடைந்தது. உட்கார்ந்தால் எழுந்தேன், எழுந்தால் நடந்தேன். ஆபீசில் முதல்வர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நான் போட்டுவைத்தேன். தெருவில் எவனாவது அம்மன் என்று பேசினால் எனக்கு வியர்த்தது. இவன் எவரிடமாவது விசாரித்தால்? சமயநல்லூர்க்காரன் எவனாவது செல்போன் ரிப்பேருக்கு வந்து, எங்கள் ஊரில் அப்படி ஒரு சாமியே இல்லையே என்றால்?

படியில் ஒருநாள் அந்தப் பெண் எதிரே வந்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டு, "இம்புட்டு நாள்ல எந்தச் சாமிக்கும் இந்த ஆளு இப்படிப் பயந்ததில்லண்ணே" என்றாள்.

"பேர் இல்லாத சாமின்னா அப்படித்தாம்மா, யாருகிட்டப் போய் ரெக்கமண்டேசன் கேக்கிறதுன்னு தெரியாதுல்ல?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து என் வேடிக்கை ஒன்றுக்குக்கூட அவள் சிரித்ததில்லை. தலையை ஆட்டிவிட்டு மேலே போனாள்.

வெள்ளிக்கிழமை அவன் என்னை மறித்தான். கையில் புது வாட்டர் கேன்.

"அண்ணே, நானும் வாரேன்."

"எங்க?"

"கோயிலுக்குத்தான். அம்புட்டுப் பேரும் பொம்பளைகளாப் போறாக. நான் பின்னாடியே பைக்ல பாதுகாப்பா வாரேன். தண்ணியும் நான் பாத்துக்கிறேன்."

"கடை மாப்ள? ஞாயித்துக்கிழமை யாவாரம்?"

"அம்மனுக்கு முன்னாடி கடை என்னண்ணே?"

நான் வீட்டுக்குள் ஓடி வந்து கட்டிலில் குப்புற விழுந்தேன். மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வரட்டும்" என்றாள்.

"வரட்டுமா?"

"வேணாம்னு சொன்னா அவளையும் அனுப்ப மாட்டான். மண்டபத்துல வச்சு என்ன செய்யலாம்னு நான் யோசிக்கிறேன். நீங்க எந்திரிங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை தெருவே சைக்கிளாக இருந்தது. ஆசிரியைகள், கல்லூரிப் பெண்கள், வீட்டுப் பெண்கள், ஓரத்தில் என்னைப் போல இழுத்து வரப்பட்ட சில ஆண்கள். எனக்கு வாடகை சைக்கிள். என் முதுகில் ஒரு பை. அதில் மாடி வீட்டுப் பெண்ணின் சான்றிதழ்களும் ஆதார் அட்டையும் மாற்றுத் துணிகளும் இருந்தன. அவள் தோளில் பை இருந்தால் அவன் என்ன ஏது என்று கேட்பான் என்பதால் அது என் தோளுக்கு வந்துவிட்டது. சுமந்தது கொஞ்சம் காகிதம்தான், ஆனால் வெடிகுண்டைச் சுமக்கிறவன் மாதிரி நடந்தேன்.

பிறகு டி-சர்ட் கட்டு வந்து இறங்கியது. பயணத்துக்கு டி-சர்ட் உண்டு என்பதையே நான் மறந்திருந்தேன். ஒன்றை விரித்துப் பார்த்ததும் கண் இருட்டியது. முதுகில், ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே படிக்கிற அளவில் எழுதியிருந்தது: வீட்டுக்குள் அடி வேண்டாம். கீழே சின்ன எழுத்தில், பெண்கள் மீதான குடும்ப வன்முறைக்கு எதிரான சைக்கிள் பயணம்.

"டீச்சர், இத உள்பக்கம் வெளிய தெரியிற மாதிரித் திருப்பிப் போட்டுக்கலாமா? வெயில்ல சாயம் போயிரும்" என்றேன்.

"சார், நீங்க போய் லைன்ல நில்லுங்க" என்றார் தலைமையாசிரியை. முப்பது வருஷம் பிள்ளைகளை மேய்த்த குரல். நின்றேன்.

அவன் பைக்கை நிறுத்திவிட்டு வந்தான். அவன் மனைவி அந்த டி-சர்ட்டைப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சைக்கிள் செயினைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நான் குறுக்கே போய் நின்றேன். அவன் இடப்பக்கம் எட்டிப் பார்த்தான், நானும் இடப்பக்கம் போனேன். வலப்பக்கம் பார்த்தான், நானும் போனேன். "என்னண்ணே டான்ஸ் ஆடுறீக?" என்று என் தோளைப் பிடித்து மெல்ல நகர்த்தினான். நகர்த்திவிட்டு, உதடு அசையப் படித்தான்.

"வீட்டுக்குள் அடி வேண்டாம்."

அவள் செயினை விட்டுக் கையை எடுக்கவில்லை. திரும்பவும் இல்லை. என் மனைவி அவளருகே போய் நின்றுகொண்டாள்.

"அண்ணே, இதுதான் வேண்டுதலா?"

"ஆ... ஆமா மாப்ள."

"நல்ல வேண்டுதல்ணே." அவன் குரல் நெகிழ்ந்திருந்தது. "எங்க சித்தப்பன் ஒருத்தன் இருக்கான். குடிச்சிட்டு வந்து சித்தியப் போட்டு அந்த அடி அடிப்பான். இவனுகளயெல்லாம் செருப்பால அடிக்கணும்ணே." சட்டைப் பையிலிருந்து நோட்டு ஒன்றை எடுத்துக் கண்ணில் ஒற்றி உண்டியலில் போட்டான்.

நான் அவன் முகத்தையே பார்த்தேன். நடிக்கிறான், நம்மை ஆழம் பார்க்கிறான் என்று தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மனதாரத்தான் சொன்னான். அதுவரை அவன் படித்துவிடுவானே என்றுதான் பயந்திருந்தேன். படித்த பிறகுதான் நிஜமாகவே பயம் வந்தது.

கிளம்பினோம். பசுமலை தாண்டுவதற்குள் எனக்கு மூச்சு வாய் வழியாக வந்தது. வாடகை சைக்கிளின் சீட் என்னைப் பழிவாங்கிக்கொண்டிருந்தது. அவன் பைக்கை என் பக்கத்தில் மெதுவாக ஓட்டி வந்தான்.

"அண்ணே, இப்பிடி இளைக்கிறீகளே. பையக் குடுங்க, டேங்க் மேல வச்சுக்கிறேன்."

"வேணாம்."

"சும்மா குடுங்கண்ணே" என்று ஓடுகிற வண்டியிலிருந்தே பையின் பட்டையைப் பிடித்தான். சைக்கிள் ஆடியது. நான் அலறினேன்.

"தொடாத! சாமி சாமான்! போய்ச் சேர்ற வரைக்கும் தோள விட்டு எறக்கக் கூடாது!"

அவன் சூடு பட்டவன் போலக் கையை எடுத்துக்கொண்டான். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஆரப்பாளையத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எல்லோரும் டீக்கு நின்றபோது, அவன் கூட்டத்துக்குள் புகுந்து கையை விரித்து, "வழி விடுங்கப்பா, காப்புக் கட்டி வேண்டுதலுக்குப் போறாக! அண்ணன் தோள்லதான் சாமி இருக்கு!" என்று குரல் கொடுத்தான்.

அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்கள், லாட்ஜ் வாசலில் பல் குத்திக்கொண்டிருந்தவர்கள், இளநீர்க்காரர் என்று எல்லோரும் என்னைச் சுற்றிவிட்டார்கள். ஓர் அம்மாள் என் பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இன்னொருவர் உண்டியலில் காசு போட்டுவிட்டு என் காலைத் தொட வந்தார். நான் டீ கிளாசோடு பின்னால் தாவினேன். பி.காம். மதிப்பெண் பட்டியலுக்கு இந்த மரியாதை எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைத்திருக்காது.

"என்ன சார் இது கூத்து?" என்று தலைமையாசிரியை என்னை முறைத்தார். அதற்குள் மல்லிகைப்பூக் கட்டி விற்கிற ஒரு பெண் அவரிடம், "இது எந்தச் சாமிம்மா?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் திரும்பி நின்று தன் முதுகைக் காட்டினார். அவளுக்குப் படிக்கத் தெரியவில்லை போல. என் மனைவி வாசித்துச் சொன்னாள். பூக்காரப் பெண் ஒரு முழம் பூவை அளந்து அறுத்து என் பையின் பட்டையில் கட்டினாள்.

"எங்க தெருப் பக்கமும் இந்தச் சாமிய ஒருதரம் கூட்டி வாங்க" என்றாள்.

அதற்கு மேல் நான் பையைப் பற்றி வேடிக்கை சொல்லவில்லை. பாலத்தில் ஏறி, விளாங்குடி, பரவை என்று மிதித்தோம். பரவை மார்க்கெட் லாரிகள் காதருகே ஹாரன் அடித்துக்கொண்டு போயின. முன்னால் மாடி வீட்டுப் பெண் ஒரே சீராக மிதித்துக்கொண்டிருந்தாள். பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை. நான்தான் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவன் பைக்கில் இருந்தபடி எனக்குக் கும்பிடு போட்டான்.

சமயநல்லூர் மண்டபத்து வாசலுக்கு எதிரே, பக்கவாட்டில் தார்ப்பாய் இறக்கிவிடப்பட்ட ஓர் ஆட்டோ நின்றது. தார்ப்பாய் விளிம்பில் ஒரு பெண்ணின் கை தெரிந்தது. அக்கா. ஆனால் அவன் பைக்கை நேராக மண்டபத்துப் படியருகே நிறுத்தி, மனைவிக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, அவள் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டான். "எப்பண்ணே கோயிலுக்குப் போறோம்?" என்று என்னிடம் கேட்டான்.

என் மனைவி என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"ஏங்க, மேடைக்குப் போய் மைக்கப் புடிங்க."

"வாயத் தொறக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன?"

"இப்பத் தொறங்க. அவன மேடைக்குக் கூப்புடுங்க. கூப்புட்டா எறங்க விடாதீங்க."

பையைத் தோளிலிருந்து கழற்றி அவளிடம் கொடுத்தேன். மேடை ஏறினேன். எத்தனையோ பிரிவு உபசாரங்களில் பேசியிருக்கிறேன், போகிறவர் பெயரைச் சொல்லாமல் பேசியதில்லை. "தாய்மார்களே, இந்தப் பயணம் பூரா நமக்குத் துணையா வந்து, தண்ணி குடுத்து, வழி விலக்கி விட்ட ஒரு தம்பி இங்க இருக்காரு. கட்டுன மனைவிக்குப் பின்னாலேயே வந்த ஒரே கணவர் அவருதான்" என்றேன். இதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. கைதட்டல் எழுந்தது. அவன் வெட்கப்பட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மனைவியைப் பார்த்துச் சிரித்துவிட்டு மேடைக்கு வந்தான். மைக்கை வாங்கித் தொண்டையைச் செருமினான்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்ல. ஒண்ணே ஒண்ணு சொல்றேன். பொம்பள மேல கை வைக்கிறவன் ஆம்பளையே இல்ல!"

மண்டபம் அதிரக் கைதட்டியது. நான் அவளைப் பார்த்தேன். மாடி வீட்டுப் பெண் எழுந்து நின்றிருந்தாள். பை அவள் தோளுக்கு மாறியிருந்தது, பட்டையில் பூ தொங்கியது. அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, ஒரே ஒரு தடவை. என் வேடிக்கை எதற்கும் சிரிக்காதவள் அதற்குச் சிரித்தாள். பிறகு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனாள்.

மேடையிலிருந்து வாசல் தெரிந்தது. அவள் ஆட்டோவுக்குள் ஏறுவது தெரிந்தது. ஆட்டோ நகரவில்லை. டிரைவர் இல்லை. அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் நின்று, கிளாசை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"...அம்புட்டுத்தான். நன்றி வணக்கம்" என்று அவன் முடித்தான்.

"அதெப்படி மாப்ள!" என்று பாய்ந்து மைக்கை அவன் வாய்க்கே திரும்ப வைத்தேன். "ஒங்க சித்தப்பா கதையச் சொல்லுங்க. எல்லாரும் தெரிஞ்சுக்கிரட்டும்."

அவன் சித்தப்பா கதையைச் சொன்னான். டிரைவர் ஒரு வடையைக் கையில் எடுத்தார். "சித்திக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றேன். அதையும் சொன்னான். வடை பாதி ஆகியிருந்தது. அக்கா தார்ப்பாயைத் தூக்கிக் கத்துவது தெரிந்தது, காது கேட்கவில்லை. "இப்படிப்பட்ட ஆளுகள என்ன செய்யலாம்கிறீங்க?" என்றேன். அவனுக்கு அதில் நிறையக் கருத்து இருந்தது. நன்றாகவும் பேசினான். டிரைவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினார், குனிந்தார், லிவரை இழுத்தார். இரண்டாவது இழுப்பில் வண்டி உறுமியது. தார்ப்பாய் ஆடியபடி ஆட்டோ போய் மறைந்தது. நான் மைக்கை அவன் கையிலேயே விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அவன் இறங்கிப் போய்த் தேடினான். "எங்கண்ணே இவ?"

நான் மெல்ல நகர்ந்து என் மனைவிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். என் வீரத்தின் அளவு அதுதான். அவள் சொன்னாள்.

"அவ அக்காகூடப் போயிட்டா. இனிமே வரமாட்டா."

"கோயிலுக்கா?"

"கோயில் இல்ல. காப்பும் இல்ல. சட்டையில எழுதியிருக்கு பாருங்க, அதான் விசயம்." திரும்பி நின்று தன் முதுகைக் காட்டினாள். அவன் அதை இரண்டாவது முறையாகப் படித்தான், உதடு அசைய. படித்துவிட்டு என்னைத்தான் பார்த்தான்.

"சாமி பேரச் சொல்லி ஏமாத்திட்டீகளேண்ணே."

"பேரே சொல்லலையே மாப்ள" என்றது என் வாய்.

அவன் கையை ஓங்கினான். நான் இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் கொண்டுவந்தேன். என் மணிக்கட்டில் அந்த மஞ்சள் துணி இருந்தது. அவன் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. காப்பு இல்லை என்று ஒரு நிமிஷத்துக்கு முன்புதான் கேட்டிருந்தான், ஆனாலும் நின்றது. கீழே இறங்கியது. அவள் எங்கே, எப்படிப் போனாள், சாப்பிட்டாளா என்று அவன் கேட்கவில்லை. வாட்டர் கேனை எடுத்துக்கொண்டு பைக்கில் ஏறி மதுரைப் பக்கம் போனான்.

அடுத்த மாதம் அவன் வீட்டைக் காலி செய்தான், கடையையும் மாற்றிக்கொண்டான். அவள் வழக்குப் போட்டிருக்கிறாள், இல்லத்தின் வக்கீல்தான் நடத்துகிறார். ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். எந்த ஊர் என்று எழுத மாட்டேன், அவனுக்கும் படிக்கத் தெரியும். என் மனைவி என்னை விட்டுப் போகவில்லை, அன்றைக்குத் திரும்பும் வழியில் அயிரை மீன் வாங்கினாள். மாடி வீட்டுப் பெண் திரும்பி வரவில்லை.